மலை வீட்டில் கிடார் வாசித்துப் பாடும் யேசுதாஸ் பாட்டு: எந்தப் படம்?

குன்னூர் வாசகன்:

வணக்கம். எங்கள் வீட்டுப் பரணை ஒழித்தபோது, அப்பா எண்பதுகளில் ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டுகள் கிடைத்தன. இங்குள்ள ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை; நாடா முழுவதும் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருப்பதால் எதையும் ஓட்டிக் கேட்க முடியவில்லை. கடைக்காரர் கையால் எழுதிய அட்டை மட்டும் ஓரளவு பிழைத்திருக்கிறது. அதில் ஒரு வரி, ‘யேசுதாஸ் – மூ.ப’ என்றோ ‘மூ.பி’ என்றோ இருக்கிறது. மை பரவிவிட்டதால் எது என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

அந்தப் பாட்டை அப்பா திரும்பத் திரும்பப் போடுவார் என்பதும், பின்னாளில் ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியில் அதன் காட்சியைப் பார்த்ததும் நினைவிருக்கிறது. மலையில் இருக்கும் ஒரு வீட்டில் நாயகன் கிடாரை வைத்துக்கொண்டு பாடுகிறான். எதிரில் ஒரு பெண். முதலில் கிடார் ஒலிக்கும், பிறகு யேசுதாஸ் மிகத் தணிந்த குரலில் தொடங்குவார். சரணத்தில் மழையும் குளிர்காற்றும் வரும். அது காதலர் பாட்டு என்றே எண்ணியிருந்தேன். சொற்கள் எவையும் நினைவில் இல்லாததால் தேடுவதற்கு வழியில்லாமல் இருக்கிறேன். எந்தப் படம் என்று சொல்ல முடியுமா?

கேத்தி மேடு:

யேசுதாஸ், ஊட்டி, ‘மூ.பி’ என்றால் 1982இல் வெளிவந்த ‘மூன்றாம் பிறை’யைத் தவிர வேறு எதுவாக இருக்க முடியும்? அந்தப் படத்தின் கடைசிக் காட்சியை எங்கள் கேத்தி ரயில் நிலையத்தில்தான் எடுத்தார்கள். இன்றும் படம் பிடித்துக்கொள்ள வருபவர்கள் அதைச் சொல்லித்தான் வழி கேட்கிறார்கள். ‘கண்ணே கலைமானே’, ‘பூங்காற்று புதிதானது’ இரண்டுமே யேசுதாஸ் பாடியவை. இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

குன்னூர் வாசகன்:

நன்றி ஐயா. இரண்டும் எனக்கு நன்கு பழகிய பாட்டுகளே. நான் தேடுவது அவற்றில் இல்லை. ‘கண்ணே கலைமானே’ தாலாட்டு. மற்றொன்று வெளியில், திறந்த வெளியில் நடப்பது. கிடாரோடு வீட்டுக்குள் அமர்ந்து பாடும் காட்சி ‘மூன்றாம் பிறை’யில் இல்லை.

பழைய இசைத்தட்டு:

கடைக்காரர் எழுதியது ‘ப’தான் என்று நினைக்கிறேன். நீங்கள் தேடுவது ‘மூடுபனி’ படத்தில் வரும் ‘என் இனிய பொன் நிலாவே’. படம் 1980 நவம்பரில் வெளிவந்தது. பாட்டை எழுதியவர் கங்கை அமரன். திரையில் கிடாரோடு அமர்ந்திருப்பவர் பிரதாப் போத்தன். எதிரில் இருப்பவர் ஷோபா.

இந்த இரு படங்களும் கலந்துபோவதில் வியப்பில்லை. இரண்டையும் இயக்கி ஒளிப்பதிவு செய்தவர் பாலு மகேந்திரா, இரண்டிலும் இசை இளையராஜா, இரண்டிலும் யேசுதாஸ் குரல், இரண்டிலும் நீலகிரி. போதாக்குறைக்கு முதலெழுத்தும் ஒன்று. ‘கோகிலா’வுக்கும் ‘அழியாத கோலங்க’ளுக்கும் சலீல் சௌத்ரியின் இசையைப் பெற்றிருந்த பாலு மகேந்திரா, இளையராஜாவிடம் முதன்முதலில் வந்தது ‘மூடுபனி’க்காகத்தான், இளையராஜாவுக்கோ அது நூறாவது படம். அந்த நூறில் எத்தனையோ பெரிய வெற்றிப் படங்கள் இருந்தாலும், கிடாரை இவ்வளவு நெருக்கமாக, பாடுபவரின் மூச்சுக்குப் பக்கத்திலேயே வைத்த பாட்டு வேறு இல்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஒரு சிறு சோதனை இருக்கிறது. ரெக்கார்டிங் கடைகளில் ஒரு படத்தின் இசைத்தட்டை வைத்தால் பெரும்பாலும் அதிலிருந்து இரண்டு மூன்று பாட்டுகளைச் சேர்த்தே பதிந்துவிடுவார்கள். அட்டையில் அந்த வரிக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்களேன்.

வெலிங்டன் வாசகி:

படத்தைப் பற்றி ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதுதான் இந்தப் பாட்டுக்கான உறுதியான அடையாளம். கேள்வி கேட்டவர் இதைக் காதலர் பாட்டு என்று எண்ணியிருந்ததாக எழுதியிருக்கிறார். ‘ஒளியும் ஒலியு’மில் பாட்டை மட்டும் தனியே வெட்டிக் காட்டினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். உண்மையில் அவன் கொலைகாரன். அந்தப் பெண்ணைக் கடத்திக்கொண்டு வந்து மலைமேல் இருக்கும் வீட்டில் வைத்திருக்கிறான். அவள் விரும்பி வந்து அமர்ந்தவள் அல்லள். இதை அறிந்த பிறகு காட்சியைப் பார்த்தால், நீங்கள் அவள் முகத்தைத்தான் பார்ப்பீர்கள், அவன் விரல்களை அல்ல. யேசுதாஸின் குரலில் இருக்கும் அந்தக் கனிவை இளையராஜா ஒரு கொலைகாரனுக்குக் கொடுத்ததால்தான் நமக்கு அவன்மீது முழுவதுமாக வெறுப்பு வராமல் போகிறது. வேறொரு முரட்டுக் குரலைப் பாடவைத்திருந்தால் காட்சி சாதாரணமாகிவிட்டிருக்கும்.

படம் திரைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே ஷோபா மறைந்துவிட்டார். அன்று திரையரங்கில் பார்த்தவர்களுக்கு அந்த முகம் இன்னும் கனமாக இருந்திருக்கும்.

இணையத்தில் தேடும்போது ஒரு கவனம் தேவை. 2025இல் வந்த ‘அகத்தியா’ படத்துக்காக யுவன் சங்கர் ராஜா இதே பாட்டை மீண்டும் உருவாக்கியிருக்கிறார். அதன் உரிமை குறித்த வழக்கு தில்லி உயர் நீதிமன்றம் வரை போனது. தேடலில் அந்தப் புதிய வடிவம் முதலில் வரக்கூடும். உங்கள் அப்பா கேட்டது 1980இன் பதிவு. படத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

கேத்தி மேடு:

இருக்கலாம். ஆனால் அட்டையைப் பார்க்காமல் ‘பி’ இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ‘மூன்றாம் பிறை’யிலும் ஒரு ஜோடிப் பாட்டு இருக்கிறது, ‘வானெங்கும் தங்க விண்மீன்கள்’, பாடியவர்கள் எஸ்.பி.பி.யும் ஜானகியும்.

குன்னூர் வாசகன்:

அட்டையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அடுத்த வரியில் படத்தின் பெயருக்குப் பதிலாக மேற்படிக் குறி போட்டு, ‘வாசு – ஜானகி’ என்று எழுதியிருக்கிறது.

பழைய இசைத்தட்டு:

அப்படியானால் ஐயமே இல்லை. ‘பருவ காலங்களின் கனவு’, மலேசியா வாசுதேவனும் எஸ். ஜானகியும் ‘மூடுபனி’க்காகப் பாடியது. எஸ்.பி.பி.யை ‘வாசு’ என்று எந்தக் கடைக்காரரும் எழுதியிருக்க மாட்டார்.

குன்னூர் வாசகன்:

1980இன் பதிவைத் தேடி எடுத்துக் கேட்டுவிட்டேன்; இதே பாட்டுதான். சரணத்தில் மழையும் காற்றும் நான் சொன்ன இடத்திலேயே வருகின்றன. அம்மாவையும் அழைத்துக் கேட்கவைத்தேன். கிடார் தொடங்கியதுமே படத்தின் பெயரைச் சொல்லிவிட்டார்; என்னிடம் முதலிலேயே கேட்டிருக்கலாமே என்று ஒரு சொல்லும் கூடவே வந்தது. அனைவருக்கும் நன்றி.