0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் போரில் (சிலிண்டர் துளையில்) லூஸாக இருக்கிறது, கடையில் திருப்பிக் கேட்கலாமா?

வெள்ளவத்தை 110:
அப்பா விட்டுப்போன 110 மொடல் கொரோலா கார், 5ஏ எஞ்சின். நீலப் புகை தள்ளியதால் பிரித்தேன். பஞ்சிகாவத்தையில் 0.50 ஓவர்சைஸ் (ஸ்டாண்டர்டை விட 0.50 மி.மீ. பெரிய) பிஸ்டன் செட் வாங்கி, எஞ்சின் புளொக்கோடு லேத் கடையில் போரைப் பெரிதாக்கக் கொடுத்தேன். ஸ்டாண்டர்ட் போர் 78.70, இப்போது நான்கும் 79.20 என்று துண்டில் எழுதித் தந்தார்கள். வீட்டில் வேர்னியர் வைத்துப் பார்த்தால் பிஸ்டன் 78.85 தான். இடைவெளி 0.35 வருகிறது! பெட்டியில் 0.08 முதல் 0.10 வரை என்று போட்டிருக்கிறது. போரைக் கூட வெட்டிவிட்டார்களா? நாளைக்கே போய்க் கதைக்கப் போகிறேன்.

கிராண்ட்பாஸ் கராஜ்:
தம்பி, கதைக்கப் போக முதல் ஒன்று சொல்லுங்கள். பிஸ்டனில் எந்த இடத்தில் அளந்தீர்கள்?

வெள்ளவத்தை 110:
ரிங் பள்ளங்களுக்குச் சற்றுக் கீழே அண்ணா, பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ரொட்டோடு பூட்டும் குறுக்குக் கம்பி) ஓட்டை இருக்கும் பக்கமாக.

கிராண்ட்பாஸ் கராஜ்:
அதுதான் பிழை. பிஸ்டன் வட்டமானது இல்லை. பின் ஓட்டைப் பக்கம் உலோகம் தடிப்பு, சூடேறும்போது அந்தத் திசையில் கூட விரியும். அதனால் அங்கே ஒடுக்கியே செய்கிறார்கள். தலைப்பக்கமும் அப்படித்தான், நெருப்புப் படும் இடம். பின்னுக்குக் குறுக்காக, 90 பாகையில், ஸ்கர்ட்டில், அதாவது பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவரில் அளக்க வேண்டும். எவ்வளவு கீழே என்பது மனுவலில் இருக்கும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேர்னியரை வைத்துவிடுங்கள், இதற்கு 75–100 மி.மீ. மைக்ரோமீட்டர்தான் சரி. ராட்செட் கிளிக் என்னும்வரை மட்டும் திருகுங்கள், கையால் இறுக்கினால் அளவு பொய்யாகும்.

வெள்ளவத்தை 110:
நண்பரிடம் மைக்ரோமீட்டர் வாங்கி அளந்தேன். 1, 2, 3 மூன்றும் 79.11. நான்காவது 79.14! இப்போது அது இறுக்கம், இடைவெளி 0.06 தான்.

மாளிகாவத்தை லேத்:
நான்காவது பிஸ்டன் எங்கே இருந்தது? வெயிலிலா?

வெள்ளவத்தை 110:
ஆமாம், பல்கனிச் சுவர் மேல். கழுவிக் காயவைத்தேன். மற்றவை உள்ளே மேசையில்.

மாளிகாவத்தை லேத்:
அப்படியென்றால் பயப்படாதீர்கள். 79 மி.மீ. அலுமினியம் 10 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 0.018 விரியும். கொழும்பு மத்தியான வெயிலுக்கு 0.03 பெரிய விஷயமே இல்லை. பிஸ்டன், புளொக், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஓர் இரவு ஒரே அறையில் வைத்துவிட்டு, காலையில் அளந்து பாருங்கள். நாங்கள் பிஸ்டன் கையில் வராமல் போரைத் தொடமாட்டோம். நீங்கள் பிஸ்டனையும் சேர்த்தே கொடுத்தது நல்லது. எந்தப் பிஸ்டன் எந்தப் போருக்கு என்று இப்போதே நம்பர் போட்டுவிடுங்கள்.

வெள்ளவத்தை 110:
காலையில் நான்கும் 79.11. இடைவெளி 0.09. அந்த லேத் கடைக்காரர் மேல் சும்மா சந்தேகப்பட்டுவிட்டேன். சண்டைக்குப் போகாமல் தடுத்த இருவருக்கும் மிக்க நன்றி.

கிராண்ட்பாஸ் கராஜ்:
நல்லது தம்பி. இன்னும் பூட்டிவிடாதீர்கள். ஹோனிங் செய்த (போரைக் கல்லால் தேய்த்து முடித்த) தூள் போரின் குறுக்குக் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும், பெட்ரோலுக்கு அது போகாது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள், இல்லையென்றால் நம் ஊர்க் காற்றுக்குச் சட்டென்று துரு பிடிக்கும். பிறகு ரிங்கைப் போரில் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகட்டால்) பாருங்கள். ரிங்கில் எழுத்து இருக்கும் பக்கம் மேலே.

வெள்ளவத்தை 110:
கழுவிவிட்டேன் அண்ணா. எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணி நான்காவது தடவையில்தான் கறுப்பில்லாமல் வந்தது. மேல் ரிங் இடைவெளி நான்கிலும் 0.30, மனுவல் அளவுக்குள் இருக்கிறது. ஞாயிறு பூட்டுகிறேன்.