மொட்டை மாடித் தேக்கு மேசையில் பிளவு: மரத்தின் குறையா, செய்முறையின் குறையா?

கேட்பவர் (திருச்சி):
வணக்கம். சென்ற ஆண்டு மே மாதத்தில் மொட்டை மாடிக்காக 1800 மி.மீ. நீளமும் 900 மி.மீ. அகலமும் உள்ள தேக்கு மேசை ஒன்றை நானே செய்தேன். 150 மி.மீ. அகலமுள்ள ஆறு பலகைகளைப் பக்கவாட்டில் பசையிட்டு ஒட்டி, இரு முனைகளிலும் குறுக்கே ஒவ்வொரு கட்டையை வைத்து, பசையுடன் ஆறாறு திருகாணிகளும் இட்டு இறுக்கினேன். ஐப்பசி மழையில் மேற்பரப்பு நடுவில் சற்றே புடைத்தது. அப்போது நான் அதைப் பொருட்படுத்தவில்லை. இந்தப் பங்குனி வெயிலில் ஒரு முனையிலிருந்து இரண்டு பிளவுகள் கிளம்பி, ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே ஓடியிருக்கின்றன. அகலமான இடத்தில் தீக்குச்சி தாராளமாக நுழைகிறது. கடைக்காரர் உலராத மரத்தைத் தந்துவிட்டார் என்று நினைக்கிறேன். எப்பாக்ஸியில் மரத்தூளைக் குழைத்துப் பிளவை அடைத்துவிட்டால் போதுமா?

பதில் 1:
நான் வீட்டுக்குள் இருக்கும் சாப்பாட்டு மேசையில் அப்படித்தான் அடைத்தேன். மூன்றாண்டுகளாக ஒன்றும் ஆகவில்லை. தேய்த்து, வார்னிஷ் அடித்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது.

பதில் 2 (தச்சு வேலை, காரைக்குடி):
அடைக்க வேண்டாம், தம்பி. வீட்டுக்குள் இருப்பதற்கும் வெட்டவெளியில் கிடப்பதற்கும் வேறுபாடு உண்டு. இப்போது விரிந்திருக்கும் பிளவு அடுத்த மழைக்குத் தானே மூடிக்கொள்ளப் பார்க்கும். அங்கே கல் போன்ற எப்பாக்ஸி இருந்தால் மரம் அதன் இரு பக்கமும் நெருக்கி, புதிய இடத்தில் பிளக்கும்.

கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள். மரம் ஈரத்தை வாங்கும்போது அகலவாக்கில்தான் உப்புகிறது. நீளவாக்கில் ஏற்படும் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. சாதாரணமாக அறுத்த தேக்குப் பலகை, ஈரம் ஒரு சதவீதம் கூடினால் அகலத்தில் ஏறக்குறைய 0.19 சதவீதம் விரியும். மே மாதத்துக்கும் மழைக்காலத்துக்கும் மர ஈரத்தில் 5 சதவீத வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், 900 மி.மீ. அகலத்துக்கு அது 8 மி.மீ.க்கு மேல் வருகிறது. ஆனால் உங்கள் முனைக்கட்டையின் நீளவாக்கு அந்த அகலத்தின் குறுக்கே கிடப்பதால், அது 900 மி.மீ.யிலேயே நிற்கும். நன்றாக உலர்ந்த தேக்காக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

மழையில் பிளக்காமல் வெயிலில் ஏன் பிளந்தது என்பதையும் சொல்கிறேன், ஏனெனில் பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். விரிய வழியில்லாமல் மழைக்காலத்தில் மரம் தனக்குள்ளேயே நசுங்கியது. நசுங்கிய நார் பழைய அளவுக்குத் திரும்பாது. ஆகவே வெயிலில் வாடியபோது, மே மாதத்தில் இருந்ததைவிடவும் குறுகப் பார்த்தது, கட்டையும் பசையும் விடவில்லை, பிளந்தது. நம் பழைய வீட்டுக் கதவுகளில் சட்டத்தின் காடிக்குள் பலகையைப் பசையில்லாமல் சும்மா நிறுத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த இழுபறிக்காகத்தான் அப்படி விட்டார்கள்.

பதில் 3:
மேசையின் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடித்தீர்களா? மேலே மட்டும் அடித்தால் இரண்டு பக்கமும் ஈரத்தை ஒரே வேகத்தில் வாங்காது, பலகை கோணிக்கொள்ளும். பலகையின் வெட்டுமுனையையும் விட்டுவிடக் கூடாது, அகலப்பக்கத்தைவிட அது மிக விரைவாகத் தண்ணீரை உறிஞ்சும்.

கேட்பவர்:
அடியில் அடிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். காரைக்குடி ஐயா சொன்னதைக் கேட்டு நேற்று மாலை பிளவு விழுந்த முனையின் திருகாணிகளைக் கழற்றினேன். நடுவில் இருந்தவை நேராக வந்தன; இரு ஓரங்களிலும் இருந்தவை லேசாக வளைந்திருந்தன, அவற்றின் துளைகளும் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. பசைப் பிடிப்பு மட்டும் இன்னும் விடவில்லை. இனி என்ன செய்வது?

பதில் 2:
அந்த வளைந்த திருகாணிகளே போதும், வேறு சாட்சி வேண்டாம். கூரை இருந்தால் முனைக்கட்டையைத் திரும்பப் போட வழி உண்டு: நடுவில் மட்டும் இறுக்கி, ஓரத் துளைகளை நீளத் துளைகளாக்கி, பசையை விட்டுவிடலாம். மழையும் வெயிலும் நேரே படும் மாடிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இரு முனைக்கட்டைகளையும் ரம்பத்தால் அறுத்தெடுத்துவிட்டு, பலகைகளை ஒட்டிய கோடுகளிலேயே மறுபடி பிரித்துவிடுங்கள். அடியில் மூன்று குறுக்குச் சட்டங்களை வைத்து, பலகைகளுக்கிடையே 6 மி.மீ. இடைவெளி விட்டு வரிசையாகப் பதியுங்கள். ஒவ்வொரு பலகையும் ஒன்றரை மி.மீ. அளவுக்குத்தான் விரியும் என்பதால் அந்த இடைவெளி தாங்கும். தண்ணீரும் தேங்காமல் வடிந்துவிடும். பலகையில் போடும் துளை, திருகாணியைவிட 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும், தலைக்கு அடியில் வாஷர் போடுங்கள். இரும்புத் திருகாணி வேண்டாம், துருப்பிடித்துத் தேக்கில் கறுப்பாக இறங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள்.

கேட்பவர்:
பிளந்த இரண்டு பலகைகளை எறிந்துவிடலாமா? இன்றைய தேக்கு விலையில் மனம் வரவில்லை.

பதில் 2:
எறிய வேண்டாம். பிளவு ஓடிய ஒரு சாணை மட்டும் வெட்டிவிட்டு, அவற்றை ஓரத்தில் வைக்காமல் நடுவில் போட்டுவிட்டு, எல்லாப் பலகைகளையும் அந்த நீளத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். மேசை சற்றுக் குட்டையாகும், அவ்வளவுதான். பதிப்பதற்கு முன்பே நான்கு பக்கமும் வெட்டுமுனையும் எண்ணெய் பூசிவிடுங்கள். பதித்த பிறகு இடைவெளிக்குள் தூரிகை நுழையாது.