ஆப்ஷன் 67-ஐ மாற்றுவதா, ஐபி ஹெல்ப்பர் போடுவதா? புதிய கணினிகள் நெட்வொர்க் பூட் ஆகவில்லை

கேபிள்கட்டு:
புதிதாக வந்த மடிக்கணினிகளில் ஒன்றுகூட டபிள்யூடிஎஸ் (நெட்வொர்க் வழியாக விண்டோஸ் நிறுவும் மைக்ரோசாஃப்ட் சேவை) சர்வரிலிருந்து பூட் ஆகவில்லை. அதே விலானில் (தனியாகப் பிரித்த நெட்வொர்க் பகுதியில்) பழைய டெஸ்க்டாப்புகள் எந்தச் சிக்கலும் இல்லாமல் பூட் ஆகின்றன. கணினிகளுக்கு ஐபி முகவரி தரும் டிஎச்சிபி ஒரு சர்வரில், டபிள்யூடிஎஸ் இன்னொரு சர்வரில், கணினிகள் வேறு சப்நெட்டில். ஸ்கோப்பில் (அந்தச் சப்நெட்டுக்கான டிஎச்சிபி அமைப்பில்) ஆப்ஷன் 66-இல் டபிள்யூடிஎஸ் முகவரியும், 67-இல் டபிள்யூடிஎஸ்என்பிபி டாட் காம் கோப்பின் பெயரும் கொடுத்திருக்கிறோம்.

புதிய கணினியின் திரையில் ஐபி முகவரி வருகிறது. என்பிபி கோப்பு (நெட்வொர்க் பூட்டில் முதலில் ஓடும் நிரல்) இறங்கிவிட்டது என்றும் வருகிறது, அளவு சுமார் 30 கிலோபைட். உடனே பூட் மெனுவுக்குத் திரும்பிவிடுகிறது. செக்யூர் பூட்டை (நம்பகமான பூட் கோப்புகளை மட்டும் ஓட விடும் பாதுகாப்பை) அணைத்தும் பார்த்தாயிற்று, பலனில்லை.

அலைவரிசை:
அந்த 30 கிலோபைட்டிலேயே பதில் இருக்கிறது. அது பயாஸ், அதாவது பழைய வகைத் தொடக்க மென்பொருள் உள்ள கணினிகளுக்கான கோப்பு. உங்கள் மடிக்கணினிகள் யூஇஎஃப்ஐ, அதாவது பயாஸுக்குப் பின் வந்த புதிய வகை. கோப்பு சரியாக இறங்கும், ஆனால் ஓடாது. செக்யூர் பூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதைத் திரும்ப இயக்கிவிடுங்கள். 67-இல் டாட் இஎஃப்ஐ கோப்பின் பெயரைப் போடுங்கள், வேலை முடிந்தது.

நடுச்சாமம்:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மடிக்கணினிகள் ஓடும், அதே நிமிடம் டெஸ்க்டாப்புகள் எல்லாம் நின்றுவிடும். 67-இல் ஒரே ஒரு பெயர்தான் எழுத முடியும். கேட்பது யார் என்று அது பார்ப்பதில்லை.

தன் வகை என்ன என்பதை ஒவ்வொரு கணினியும் கேட்கும்போதே சொல்லிவிடுகிறது. ஆப்ஷன் 93 அதற்காகத்தான் இருக்கிறது, 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4578 என்ற இணையத் தர ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பயாஸ் என்றால் 0, 64 பிட் யூஇஎஃப்ஐ என்றால் பெரும்பாலும் 7. டபிள்யூடிஎஸ் அந்த எண்ணைப் பார்த்து உரிய கோப்பைத் தரும். ஆனால் கேள்வி அதன் காதுக்குப் போக வேண்டுமே! நீங்கள் 66, 67 கொடுத்துவிட்டதால் கணினி டபிள்யூடிஎஸ்ஸிடம் எதையும் கேட்காமல் நேராக டிஎஃப்டிபிக்கு (எளிய கோப்புப் பரிமாற்ற சேவைக்கு) போய் கோப்பை எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் நீக்குங்கள். ரவுட்டரில் அந்த விலானுக்கு, டிஎச்சிபி முகவரியோடு டபிள்யூடிஎஸ் முகவரியையும் ஐபி ஹெல்ப்பராக (கணினியின் கேள்வியை வேறு சப்நெட்டில் உள்ள சர்வருக்கு அனுப்பும் அமைப்பாக) சேருங்கள். மைக்ரோசாஃப்ட் ஆவணங்களும் இந்த வழியைத்தான் பரிந்துரைக்கின்றன.

அலைவரிசை:
ஆவணம் சொல்வது சரி. ஆனால் எல்லா இடத்திலும் சர்வரைப் பார்ப்பவர் கையில் ரவுட்டர் இருப்பதில்லை. ஒரு வரி சேர்க்க அனுமதி கேட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸ் சர்வர் 2012 முதல் டிஎச்சிபியிலேயே பாலிசி (கேட்கும் கணினியைப் பார்த்து வேறு பதில் தரும் விதி) வசதி இருக்கிறது. வெண்டர் கிளாஸ் (கணினி தன்னைப் பற்றி அனுப்பும் அடையாளம்) பார்த்து 00000 என்று வந்தால் பழைய கோப்பு, 00007 என்று வந்தால் இஎஃப்ஐ கோப்பு. ஒரே ஸ்கோப்பில் இரண்டு வகையும் ஓடும்.

இன்னொன்று. சிஸ்கோவில் ஹெல்ப்பர் போட்டால் டிஎச்சிபி மட்டும் போகாது. டிஎன்எஸ், டிஎஃப்டிபி, நெட்பயாஸ் என்று எட்டு யூடிபி போர்ட்டுகளின் பிராட்காஸ்டும் (எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும் செய்தியும்) இயல்பாகவே சேர்ந்து போகும். இதைச் சொல்லாமல் ஹெல்ப்பர் போடச் சொல்வது பாதி ஆலோசனை.

நடுச்சாமம்:
எட்டு போர்ட் விஷயம் உண்மை. வேண்டாதவற்றை நிறுத்தத் தனிக் கட்டளை இருக்கிறது, நிறுத்திவிடலாம். அதற்காக ஹெல்ப்பரே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியாது.

பாலிசிக்கு வருவோம். 7-க்கு எழுதுவீர்கள். 9 என்று அனுப்பும் ஒரு கணினி வந்தால்? 32 பிட் யூஇஎஃப்ஐ டேப்லெட் 6 என்று கேட்கும், ஆர்ம் 64 கணினி 11 என்று கேட்கும். ஒவ்வொரு புது வகைக்கும், ஒவ்வொரு ஸ்கோப்பிலும் நீங்களே விதி எழுத வேண்டும். டபிள்யூடிஎஸ்ஸில் 'தெரிந்த கணினிகளுக்கு மட்டும் பதில் சொல்' என்ற அமைப்பு இருக்கிறது, தாமதப் பதில் அமைப்பும் இருக்கிறது. முதல் கேள்வியே அதனிடம் போகாதபோது அவை எதற்கு? யாரைப் பூட் செய்ய விடுவது என்ற முடிவு அந்தச் சர்வரிடம்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேபிள்கட்டு:
ரவுட்டர் எங்கள் கையில்தான் இருக்கிறது. ஹெல்ப்பர் சேர்த்தேன், 66, 67 இரண்டையும் எடுத்தேன். இப்போது இன்னும் மோசம். மடிக்கணினிகளுக்குக் கோப்பே வரவில்லை. ஓடிக்கொண்டிருந்த டெஸ்க்டாப்புகளும் நின்றுவிட்டன. அவற்றின் திரையில் பிஎக்ஸ்இ-இ55 (பிஎக்ஸ்இ என்பது நெட்வொர்க் பூட் முறை), 4011 போர்ட்டில் பிராக்ஸி டிஎச்சிபி (பூட் தகவலை மட்டும் தரும் சேவை) பதில் தரவில்லை என்று வருகிறது.

அலைவரிசை:
இதைத்தான் பயந்தேன். ஓடிய பாதியும் போயிற்று. 66, 67-ஐத் திரும்பப் போட்டு டெஸ்க்டாப்புகளையாவது காப்பாற்றுங்கள், அப்புறம் பாலிசி எழுதலாம்.

பொட்டலக்காரர்:
எதையும் திரும்பப் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை. டெஸ்க்டாப் இருக்கும் ஸ்விட்ச் போர்ட்டை மிரர் செய்து (அதில் போவதை இன்னொரு போர்ட்டுக்கு நகல் எடுத்து) வயர்ஷார்க் என்ற பாக்கெட் பார்க்கும் மென்பொருளில் ஒரே ஒரு பூட்டைப் பிடியுங்கள். அந்த 4011 பாக்கெட் எந்த முகவரிக்குப் போகிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். டபிள்யூடிஎஸ்ஸுக்குப் போய் பதில் வரவில்லை என்றால் ஃபயர்வாலைப் பார்ப்போம். வேறு யாருக்காவது போனால் கதையே வேறு.

இ51, இ53, இ55 மூன்றையும் 'பிஎக்ஸ்இ வேலை செய்யவில்லை' என்று ஒன்றாகப் பேசுகிறோம். 51 என்றால் டிஎச்சிபி ஆஃபரே (சர்வரின் முதல் பதிலே) வரவில்லை. 53 என்றால் முகவரி வந்தது, கோப்பின் பெயர் வரவில்லை. 55 என்றால் பெயர் கேட்டுப் போன இடத்தில் ஆளில்லை. எந்தக் கதவில் நிற்கிறோம் என்பதைத் திரையே சொல்லிவிடுகிறது.

கேபிள்கட்டு:
பிடித்துப் பார்த்தேன். 4011 பாக்கெட் டிஎச்சிபி சர்வரின் முகவரிக்குத்தான் போகிறது! டபிள்யூடிஎஸ் அனுப்பிய ஆஃபரும் பட்டியலில் இருக்கிறது, கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

பொட்டலக்காரர்:
டிஎச்சிபி சர்வர் தரும் ஆஃபரைத் திறந்து பாருங்கள். ஆப்ஷன் 60-இல் பிஎக்ஸ்இ கிளையன்ட் என்று இருக்கிறதா?

கேபிள்கட்டு:
இருக்கிறது. முன்பு டபிள்யூடிஎஸ் இதே டிஎச்சிபி சர்வரில்தான் இருந்தது, பிறகு தனியாகப் பிரித்தார்கள். அப்போது விட்டுப்போனதாக இருக்கும்.

பொட்டலக்காரர்:
அதுதான். டிஎச்சிபியும் டபிள்யூடிஎஸ்ஸும் ஒரே இயந்திரத்தில் இருக்கும்போது மட்டும்தான் 60 தேவை. 'பூட் சர்வரும் நான்தான், 4011-இல் கேள்' என்று அது கணினிக்குச் சொல்கிறது. 67-இல் கோப்பின் பெயர் இருந்தவரை 4011-க்குப் போகும் தேவை வரவில்லை, அதனால் வெளியே தெரியவில்லை. பெயரை எடுத்ததும் கணினி சொன்னபடி அங்கே போய்க் கேட்டது, அங்கே யாருமில்லை. ஸ்கோப்பில் மட்டும் எடுத்தால் போதாது, சர்வர் ஆப்ஷன்களிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேபிள்கட்டு:
சர்வர் ஆப்ஷனில்தான் இருந்தது. எடுத்தேன். மடிக்கணினி, டெஸ்க்டாப் இரண்டும் பூட் ஆகின்றன. செக்யூர் பூட் இயங்கும் நிலையிலேயே.

நடுச்சாமம்:
மகிழ்ச்சி. ஸ்விட்ச்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் (நம்பகமல்லாத போர்ட்டிலிருந்து வரும் டிஎச்சிபி பதில்களைத் தடுக்கும் வசதி) இயக்கும் நாள் வந்தால் டபிள்யூடிஎஸ் இருக்கும் போர்ட்டையும் நம்பகமானதாகக் குறியுங்கள். அதுவும் ஆஃபர் அனுப்பும் சர்வர்தான், இல்லாவிட்டால் அதன் பதிலை ஸ்விட்ச் தூக்கி எறிந்துவிடும்.

அலைவரிசை:
இந்த இடத்தில் ஹெல்ப்பர்தான் சரி, ஏற்கிறேன். ரவுட்டரைத் தொட முடியாதவர்களுக்குப் பாலிசிதான் வழி என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இன்னொன்றையும் யோசியுங்கள். விண்டோஸ் 11 டிஸ்கில் வரும் பூட் இமேஜை அப்படியே வைத்து டபிள்யூடிஎஸ் மூலம் நிறுவுவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனியாகத் தயாரித்த பூட் இமேஜ் இருந்தால்தான் ஓடும். எத்தனை விலானில் இந்த முகவரியை எழுதி வைக்கப் போகிறீர்கள்?

நடுச்சாமம்:
எத்தனை விலான் இருக்கிறதோ அத்தனையிலும். நாளை ஐபிஎக்ஸ்இ என்ற திறமூல பூட் மென்பொருளுக்கோ வேறொரு சர்வருக்கோ மாறினால், அதே முகவரியைப் புதிய சர்வருக்குக் கொடுத்தால் போதும், ரவுட்டரில் கை வைக்கவே வேண்டாம். உங்கள் பாலிசிகளில் கோப்பின் பெயர்களை ஸ்கோப் ஸ்கோப்பாகத் திருத்த வேண்டியிருக்கும்.