அரிசோனா வெயிலில் ஆர்.வி. ஜெனரேட்டர் முக்கால் மணியில் நின்றுவிடுகிறது: பெட்ரோலா, காயிலா?

(இணைய மன்ற உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

பாலைவண்டி:

கிளாஸ் சி மோட்டார்ஹோம் (ஆர்.வி.), அதாவது உள்ளேயே தங்கும் வசதி கொண்ட வண்டி. 4 கிலோவாட் ஜெனரேட்டர். ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர், காற்றில் குளிரும் வகை. பெட்ரோல் வண்டியின் மெயின் டேங்கிலிருந்தே வருகிறது. மணிமீட்டர் 640 காட்டுகிறது.

ஃபீனிக்ஸ் பக்கம் 44 டிகிரி வெயிலில் முதல் கிராங்கிலேயே பிடித்துக்கொள்ளும். 13,500 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) கூரை ஏ.சி.யைப் போட்டால் முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு என்ஜின் சத்தம் ஏறி இறங்கி, பத்துப் பதினைந்து நொடியில் அணைந்துவிடும். உடனே ஸ்டார்ட் செய்தால் சுற்றுகிறது, பிடிப்பதில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. ஃபிளாக்ஸ்டாஃபில் 28 டிகிரியில் இதே ஏ.சி.யை வைத்து இரவு முழுக்க ஓடியது.

ஏர் ஃபில்டர், பிளக், ஆயில் எல்லாம் புதுசு. ஆயில் 15டபிள்யூ-40, அளவும் சரி. கோளாறு விளக்கு காட்டும் குறியீடு, யாரும் நிறுத்தாமல் என்ஜின் தானே நின்றது என்பதோடு சரி. ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். அது கெட்டிருந்தால் ஃபிளாக்ஸ்டாஃபில் எப்படி ஓடும்? எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

வால்வு கிளியரன்ஸ்:

கார்புரேட்டர் இப்போதைக்கு வேண்டாம். இந்த மாதிரி கோளாறில் வண்டி நின்ற முதல் ரெண்டு நிமிஷம்தான் நமக்குக் கிடைக்கிற வாய்ப்பு. ஆறின பிறகு எந்த பார்ட்டைச் சோதிச்சாலும் நல்லாத்தான் இருக்கும்.

என்ஜின் ஓடுது, கரண்ட் மட்டும் வரலைன்னா பிரேக்கர் அல்லது வோல்டேஜ் ரெகுலேட்டர். உங்க கேஸ் அது இல்லை. சுவிட்சைத் தட்டின மாதிரி சட்டுன்னு நின்னா பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கிற காயில், இல்லைன்னா ஆயில் பிரஷர் சுவிட்ச். சத்தம் ஏறி இறங்கிச் சாகிறது பெட்ரோல் பத்தாததோட அடையாளம். ஆனாலும் சூடானதும் விட்டு விட்டு ஸ்பார்க் கொடுக்கிற காயிலும் உண்டு. அதனால ஊகிக்காம ரெண்டு சோதனை செஞ்சிடுங்க.

முதலாவது, பிளக்குக்கும் பிளக் ஒயருக்கும் நடுவில் இன்லைன் ஸ்பார்க் டெஸ்டரை ஓட்டத்துக்கு முன்னாடியே மாட்டி வைங்க. நின்றதும் கிராங்க் பண்ணுங்க. டெஸ்டர் பல்பு சீரா மினுக்கினா காயில் தப்பிச்சது. பிளக்கைக் கழட்டி பாடியில் தொட்டுப் பார்க்கிற பழைய வழி இங்கே வேண்டவே வேண்டாம். சூடான ஜெனரேட்டர் பெட்டிக்குள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும்.

ரெண்டாவது, படகு மோட்டாருக்கு விற்கிற சின்ன பெட்ரோல் டேங்க் ஒண்ணு. மெயின் டேங்கிலிருந்து வர்ற ஹோஸைக் கழட்டி அடைப்பு போட்டுட்டு, பம்ப்போட இழுப்பு வாயில் இதை இணைங்க. டேங்க் தரையில், நிழலில், சைலன்சரை விட்டுத் தள்ளி இருக்கட்டும். மூடியில் இருக்கிற வெண்ட் திருகைத் திறந்து வைங்க. அதே வெயில், அதே ஏ.சி. நிற்காம ஓடினா குற்றம் பம்ப்புக்கு முன்னாடி. அப்பவும் நின்னா பம்ப், கார்புரேட்டர், காயில் இந்த மூணுக்குள்ளே.

ஆம்ப்மீட்டர்:

லோடு காரணமா என்பதைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். இந்த ரகத்துக்குப் பொதுவாக கடல் மட்டத்திலிருந்து 500 அடி உயரத்துக்கு மேல் ஒவ்வொரு 1000 அடிக்கும் 3.5 சதவீதம், 29 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 5.5 டிகிரிக்கும் 1 சதவீதம் திறன் குறையும். ஃபிளாக்ஸ்டாஃப் சுமார் 6,900 அடி. அங்கே உங்களுக்கு மிஞ்சுவது 3,100 வாட், அதாவது 26 ஆம்பியர். ஃபீனிக்ஸ் சுமார் 1,100 அடி. 44 டிகிரியிலும் 3,800 வாட், ஏறக்குறைய 32 ஆம்பியர் கிடைக்க வேண்டும். நின்றுபோகும் இடத்தில்தான் திறன் அதிகம்!

ஆனால் வெயிலில் ஏ.சி.யும் கூடுதலாக இழுக்கும். மிதமான நாளில் 12 ஆம்பியர் எடுக்கும் 13,500 பிடியு ஏ.சி., கன்டென்சர் சூடேறியதும் 15, 16க்குப் போகும். 55 ஆம்பியர் கன்வெர்ட்டர் காலியான பேட்டரியை ஏற்றினால் இன்னும் 8. மொத்தம் 24, தாங்கும். வாட்டர் ஹீட்டர் கரண்டில் இருந்தால் 1,440 வாட், 12 ஆம்பியர் சேர்ந்து 36 ஆகிவிடும். ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் புரொப்பேன் கேஸுக்கு மாற்றிவிட்டு, கிளாம்ப் மீட்டர் போட்டு ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

ஓவர்லோடு என்றால் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் என்ஜின் திணறும், இல்லாவிட்டால் பிரேக்கர் விழும். முக்கால் மணி ஓடிவிட்டு மூச்சு வாங்கி நிற்காது. என் ஓட்டு பெட்ரோல் பக்கம்.

கூலிங் ஃபின்:

காற்றுப் பாதையையும் பாருங்க. பெட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் இருக்கிற ஃபோம் சீல் கிழிஞ்சா வெளியே போன அனல் திரும்ப உள்ளே வரும். அரிசோனாவில் மண்குளவி சிலிண்டரோட ஃபின்னுக்குள்ளேயே (சூட்டை வெளியேத்துற தகடு வரிசை) கூடு கட்டும். அதை மூடியிருக்கிற ஷிரவுடைக் கழட்டாமல் தெரியாது. எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஓரத்தில் கரி படிஞ்சிருந்தா அங்கே ஒழுகுது, அந்தச் சூடு நேரா பம்ப் மேல அடிக்கும். அப்புறம், காத்தாடட்டும்னு கவரைத் திறந்து வெச்சு ஓட்டாதீங்க. மூடியிருந்தால்தான் ஃபேன் காற்று சிலிண்டர் மேல போகிற மாதிரி பல மாடல்களில் வடிவமைச்சிருக்காங்க.

பாலைவண்டி:

சோதித்துவிட்டேன். நின்ற பிறகும் ஸ்பார்க் சீராக இருந்தது. வெளி டேங்கில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடியது. ஏ.சி. 15 ஆம்பியர்தான் எடுக்கிறது. ஃபின்கள் சுத்தம், சீலும் சரி.

கீழே படுத்துப் பார்த்தால் டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் ஒரு இடத்தில் எக்ஸாஸ்ட் குழாயை ஏறக்குறைய உரசிக்கொண்டு போகிறது. அங்கே தகடு பிடித்திருந்ததற்கான இரண்டு துளைகள் மட்டும் இருக்கின்றன, தகடு இல்லை. டேங்க் அரைக்கு மேல் இருக்கிறது. பெட்ரோல் மார்ச்சில் போட்டது.

வால்வு கிளியரன்ஸ்:

அப்போ வேப்பர் லாக்தான், அதாவது ஹோஸுக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வரத்தை அடைக்குது. பம்ப் இழுக்கும்போது ஹோஸுக்குள்ளே அழுத்தம் குறையும். அழுத்தம் குறைஞ்சா பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். பம்ப் ஆவியைத் தள்ளத் தெரியாது, வெறுமனே துடிச்சிட்டிருக்கும்.

மார்ச் பெட்ரோலும் கூட்டாளி. அமெரிக்காவில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை பங்கில் விற்கிற பெட்ரோலுக்கு ஆவியழுத்த உச்சவரம்பு உண்டு. அதுக்கு முந்தின பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிற ரகமா இருக்கும். 10 சதவீத எத்தனால் வேற அந்த ஆவியழுத்தத்தை ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) ஏத்தும். அந்த மார்ச் பெட்ரோலை ரோட்டில் ஓட்டித் தீர்த்துட்டு இப்போ விற்கிறதை நிரப்புங்க. கால் டேங்க்குக்குக் கீழே இறக்காதீங்க. நீங்க நடுவழியில் மாட்டக்கூடாதுன்னு ஜெனரேட்டரோட இழுப்புக் குழாயை அந்த மட்டத்தில்தான் வெச்சிருப்பாங்க.

ஹோஸை ஒட்டுப்போடாம முழுசா மாத்துங்க. எஸ்.ஏ.இ. 30ஆர்7 என்று அச்சடிச்ச எரிபொருள் ஹோஸ், பழசோட உள்விட்டத்திலேயே, பெரும்பாலும் கால் அங்குலம். பழைய ஹோஸில் வெடிப்பு இருந்தா பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால கண்ணுக்குத் தெரியாது. எக்ஸாஸ்ட்டிலிருந்து குறைஞ்சது ஒரு சாண் தள்ளி, வண்டிச் சட்டத்தோட வெளிப்பக்கமா கொண்டு போங்க. பிரேக் லைனோட சேர்த்துக் கட்டாதீங்க. அந்த ரெண்டு துளையில் தகட்டைத் திரும்ப மாட்டுங்க, தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் காற்று இடைவெளி இருக்கட்டும். வெள்ளி நிற வெப்ப உறை கூடுதலா போடலாம். இடத்தை மாத்தாம உறையை மட்டும் போட்டா முக்கால் மணி ஒன்றரை மணியாகும், அவ்வளவுதான்.

ஆம்ப்மீட்டர்:

அதற்குப் பிறகும் நின்றால் மட்டும் டேங்க் அருகே குறைந்த அழுத்த பம்ப் ஒன்று வைக்கலாம். தள்ளும் பெட்ரோல் சுலபத்தில் கொதிக்காது. 2 முதல் 4 பிஎஸ்ஐ ரகம் பாருங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப்பைப் போட்டால் கார்புரேட்டரின் ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் வழியும். மின்சாரத்தை ஜெனரேட்டரின் சொந்த பம்ப் ஒயரிலிருந்து ரிலே வழியாக எடுங்கள். ஜெனரேட்டர் நின்றால் இதுவும் நிற்க வேண்டும். நேராக பேட்டரியில் கொடுத்தால் ஹோஸ் அறுந்த அன்று கால் டேங்க் மட்டம் வரை உள்ள பெட்ரோலைத் தரையில் கொட்டிவிடும்.

வேலை முடிந்ததும் ஏ.சி. இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு கிளாம்ப்பையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் அதைச் சரிசெய்யும்வரை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். பி வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.