காம்பவுண்ட் ஈவென்ட்: 'கூட்டு நிகழ்ச்சி' வேண்டுமா?

வணக்கம்.

நிகழ்தகவில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளைச் சேர்த்துப் பார்ப்பதுதான் காம்பவுண்ட் ஈவென்ட். அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகையில், கூட்டுவட்டி இருக்கும்போது கூட்டு நிகழ்ச்சி ஏன் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கணக்குப் பாடத்தில் கூட்டுத்தொடர், கூட்டுச்சராசரி எல்லாமே கூட்டலைச் சுட்டுபவை. பெருக்குக்குத் தனியாகப் பெருக்குத்தொடர் உண்டு. அதைப் படித்துவிட்டு வரும் மாணவர், 'கூட்டு நிகழ்ச்சி' என்றதும் கூட்டத்தான் பார்ப்பார்.

ஒரு பகடையை 4 முறை உருட்டினால் ஒரு முறையாவது ஆறு விழுவதற்கான நிகழ்தகவு என்ன? 1/6-ஐ நான்கு முறை கூட்டி 2/3 என்று எழுதிவிடுவார்கள். இதே வழியில் போனால் 7 உருட்டலுக்கு 7/6 வரும்; நிகழ்தகவு ஒன்றைத் தாண்டவே முடியாது. முதல் உருட்டலிலும் மூன்றாவதிலும் ஆறு விழுகிற வரிசைகள் இரண்டு தடவை எண்ணப்படுவதுதான் கோளாறு. நிரப்பு நிகழ்ச்சியை, அதாவது கேட்டது நடக்காமல் போவதைப் பிடித்தால் எளிது: ஆறே விழாமலிருக்க (5/6)⁴ = 625/1296. மீதி 671/1296, அதாவது சுமார் 0.518. இரண்டு பகடையை 24 முறை உருட்டி ஒரு முறையாவது இரட்டை ஆறு விழ வேண்டுமென்றால் 0.491தான் வரும். கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இல் கடிதம் எழுதிக்கொண்ட காலத்துச் சூதாட்டக் கணக்கு இது.

ஆகவே பொதுப்பெயராகத் 'தொகுநிகழ்ச்சி'யை முன்வைக்கிறேன். அதற்குள் 'அல்லது' வந்தால் சேர்ப்பு நிகழ்ச்சி; இரண்டும் நடக்க வேண்டுமென்றால் உடனிகழ்ச்சி.

—

உங்கள் கடிதத்துக்கு என் பதில்: தொகுநிகழ்ச்சி, சேர்ப்பு நிகழ்ச்சி இரண்டுக்கும் என் ஆதரவு உண்டு. 'உடனிகழ்ச்சி' வேண்டாம் ஐயா. உடன் என்றால் ஒரே நேரத்தில் என்று பொருள்படும். 52 சீட்டில் ஒன்றை எடுத்து, திருப்பி வைக்காமல் இன்னொன்றை எடுக்கிறோம். இரண்டும் ஏஸாக இருக்க 4/52 × 3/51 = 1/221. இங்கே இரண்டும் அடுத்தடுத்து நடக்கின்றன. முதல் சீட்டு போனதால்தான் இரண்டாவது பின்னம் 3/51 ஆகிறது. திருப்பி வைத்தால் 1/169.

கணங்கள் (sets) பாடத்தில் சேர்ப்பு (இரண்டில் ஏதாவது ஒன்றில் இருப்பவை), வெட்டு (இரண்டிலும் இருப்பவை) ஆகிய இரண்டும் ஏற்கெனவே புழங்குகின்றன. 'வெட்டு நிகழ்ச்சி' என்றே வைக்கலாம். ஒரு சீட்டு ஏஸாகவோ சிவப்பாகவோ இருக்க 4 + 26 − 2 = 28, ஆக 28/52. கழிக்கிற அந்த 2 சிவப்பு ஏஸ்தான் வெட்டு. கணங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும் வட்டங்களாகக் காட்டும் வென்படத்தில் விரல் வைத்துக் காட்டலாம்.

சொல்விளக்கத்தில் இன்னொன்றையும் சேருங்கள். 'ஒன்றையொன்று விலக்கும்' (சேர்ந்து நடக்கவே முடியாத) நிகழ்ச்சிகளும் 'சார்பிலா' (ஒன்று நடப்பது மற்றதன் நிகழ்தகவை மாற்றாத) நிகழ்ச்சிகளும் ஒன்றல்ல. விலக்குபவற்றின் வெட்டுக்கு நிகழ்தகவு 0. சார்பிலாதவற்றின் வெட்டுக்கு நிகழ்தகவு, அந்த இரண்டு நிகழ்தகவுகளின் பெருக்கம். இரண்டுமே நடக்கக்கூடிய, அதாவது நிகழ்தகவு பூச்சியமில்லாத நிகழ்ச்சிகளாக இருந்தால், அவை விலக்குபவையாகவும் சார்பிலாதவையாகவும் ஒருசேர இருக்கவே முடியாது.