மேலகிரியில் மூணு நாள் நடை: யானை பக்கத்தில் வந்த அனுபவம் இருந்தால் நீங்களும் எழுதுங்க

ஓசூர் ஷிஃப்ட்காரன்:

டிசம்பரில் நாங்கள் நாலு பேர் கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை பக்கம், மேலகிரி மலைக்காட்டை மூணு நாள் சுற்றிவிட்டு வந்தோம். யாருக்கும் மலையேறிப் பழக்கமில்லை, மச்சானுக்கு முட்டிவலி வேறு. முதலில் ஒருவர் "காட்டுக்குள்ளேயே டென்ட், ராத்திரி கேம்ப் ஃபயர்" என்று வாட்ஸ்அப்பில் படம் போட்டு அட்வான்ஸ் கேட்டார். மச்சான் உஷாராகி வனத்துறையில் விசாரித்தபோதுதான் அதெல்லாம் நடக்காது என்று தெரிந்தது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிமுறை வந்துவிட்டது, அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைத்தால் வழக்குதான். ஆனால் 2024 அக்டோபரில் அரசே தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் அய்யூர் – சாமி ஏரி, குத்திராயன் மலை இரண்டும் இருக்கின்றன. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டியும் கூட வருகிறார். சரி, பகலில் காடு, ராத்திரி ஊர் என்று திட்டத்தை மாற்றிக்கொண்டோம்.

மாதம் பார்ப்பதுதான் பெரிய தலைவலி. பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை காட்டுத்தீ பயத்தில் மூடிவிடுவார்கள், மே மாத வெயில் தாங்காது, ஐப்பசியில் மழை. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது மார்கழி, தை. அப்போதுதான் கொல்லையில் ராகி அறுப்பு, பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கி வருகிற நேரமும் அதுவே. நமக்கு வசதியான நாளைத்தான் அதுவும் குறித்து வைத்திருக்கிறது!

முதல் ராத்திரி அய்யூரில் படுத்திருந்தபோது தூரத்தில் பட்டாசுச் சத்தம். தீபாவளி முடிந்து எவ்வளவு நாளாச்சு, ஏதோ கல்யாணம் என்று நினைத்தோம். காலையில் டீக்கடைக்காரர் சிரித்தார், "கல்யாணமில்லீங்க, பரண்ல காவல் இருக்கறவங்க யானையை விரட்ட வெடி போடறாங்க."

மறுநாள் காலை நடை. கொடைக்கானல் மாதிரி பச்சைப்பசேல் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், இது வறண்ட காடு. மூங்கில், நெல்லி, கடுக்காய், நடுநடுவே உண்ணிச்செடிப் புதர். வழிகாட்டிப் பெரியவர் அந்த உண்ணிச்செடியைப் பார்க்கும்போதெல்லாம் திட்டினார், பின்னால் என்ன நிற்கிறது என்று தெரியவிடாது என்பதால். அரை மணி நேரம் நடந்திருப்போம், பாதை நடுவில் யானை லத்தி. அவர் ஒரு உருண்டையைக் காலால் உடைத்தார். உள்ளே மூங்கில் நார், செரிக்காத ராகித் தாள், லேசாக ஆவி பறந்தது. புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ராத்திரி போட்டதில்ல சாமி, இப்பதான்" என்றார்.

அதே நேரம் வலப்பக்கம் மூங்கில் ஒடிந்தது, ராத்திரி கேட்ட வெடி மாதிரியே. அப்புறம் அடிவயிற்றில் உருள்கிற மாதிரி ஒரு உறுமல். அவர் ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார், எங்களைப் பாறைக்குப் பின்னால் உட்கார வைத்தார், மச்சானின் வாசனை எண்ணெய்த் தலையை முறைத்துப் பார்த்து அவனைக் கடைசியில் தள்ளினார். நாற்பது நிமிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. யானையைக் கண்ணால் பார்க்கவே இல்லை, காதால் பார்த்ததோடு சரி. அன்றைய நடை அங்கேயே முடிந்தது.

அடுத்த மலைக் கிராமமான பெட்டமுகிலாளம் போக நடக்கலாம் என்றிருந்ததை விட்டுவிட்டுப் பால் வண்டியில் ஏறிப் போனோம். தெரிந்தவர் வீட்டில் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். குளிர் எலும்பு வரைக்கும். மூணாம் நாள் குத்திராயன் சுலபமாகவே முடிந்தது. உச்சி 1300 மீட்டருக்கு மேல்தான், ஆனாலும் மச்சானே முனகாமல் ஏறினான். போகிறவர்கள் ஒரு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள், கிலோமீட்டர் கணக்கெல்லாம் அப்புறம்.

பென்னாகரத்து அக்கா:

நீங்கள் ஒரு நாள்தானே விட்டீர்கள் தம்பி, நாங்கள் ஒகேனக்கல் பக்கம் இரண்டு நாள் விட்டோம், ஒற்றைக் கொம்பன் யானை சுற்றுகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சும்மா ஆற்றோரம் நீர்மருது நிழலில் உட்கார்ந்திருந்தபோது மேலே கிளையில் சாம்பல் மலை அணில். வால் மட்டும் ஒரு முழம் தொங்கியது. பையன் கையிலிருந்த வறுத்த மீனைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பிளந்தான். மீனைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனது தனிக்கதை. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்துக் காட்டையும் சேர்த்துக் காவிரி தெற்கு சரணாலயம் என்று அறிவித்தார்களே, 686 சதுர கிலோமீட்டர், அதனால் இப்போது கெடுபிடி அதிகம் என்று பரிசல்காரர் சொன்னார். எனக்கு அதில் வருத்தமில்லை.

அரூர்க்காரன்:

முட்டிவலிக்காரருக்குச் சித்தேரி மலையைப் பாருங்கள். அரூரிலிருந்து மேலேயே பஸ் போகிறது. நான் தங்கிய வீட்டில் சாமைச் சோறு போட்டார்கள், ராத்திரி நாய் குரைத்ததற்கே டார்ச்சோடு மூன்று பேர் எழுந்தோம். பார்த்தால் பக்கத்து வீட்டு மாடு.