முதல் ஈற்று: லாப்ரடார் பெண் நாயை இணை சேர்க்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

பொம்மி_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் லாப்ரடார் பொம்மிக்கு அடுத்த மாதம் இரண்டு வயது முடிகிறது. மூன்று முறை ஹீட்டுக்கு (இணை சேரும் பருவத்துக்கு) வந்துவிட்டாள், இதுவரை இணை சேர்த்ததில்லை. அடுத்த முறை சேர்க்கலாம் என்று யோசனை. தெரிந்தவர் ஒருவரிடம் அழகான ஆண் நாய் இருக்கிறது, பரம்பரைச் சான்றிதழும் உண்டு. "ரத்தம் கண்டதிலிருந்து பதினோராவது நாளும் பதிமூன்றாவது நாளும் கொண்டுவந்து விடுங்கள், மற்றதை அதுங்களே பார்த்துக்கொள்ளும்" என்கிறார். அவ்வளவுதானா?

ஒரு ஈற்றாவது போட்டால்தான் பெட்டைக்கு உடம்பு நன்றாக இருக்கும், கர்ப்பப்பையில் நோய் வராது என்று என் மாமியார் உறுதியாகச் சொல்கிறார். அது உண்மையா? சத்துக்காகக் கால்சியம் டானிக் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன். முதல் தடவை, எதையும் விட்டுவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

குட்டிப்பெட்டி

முதலில் அந்தக் கால்சியம் பாட்டிலை எடுத்து ஓரமாக வையுங்கள். சினையாக இருக்கும்போது வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால், எலும்பில் இருப்பதை எடுத்துக்கொடுக்கும் வேலையில் உடம்பு சோம்பிப்போகும். குட்டி போட்ட சில வாரங்களில் பால் உச்சத்தில் சுரக்கும்போது ரத்தத்தில் கால்சியம் சடாரென்று இறங்கும். மூச்சிரைக்கும், கால் விறைத்து நடப்பாள், நடுங்குவாள், அப்புறம் வலிப்பு. அந்த நிலையில் வீட்டு வைத்தியம் பேசிக்கொண்டிருந்தால் உயிர் போய்விடும். தரமான குட்டித் தீவனத்துக்குச் சினையின் பிற்பாதியில் மெல்ல மாற்றினால் போதும்.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்வது உங்கள் பாடு. குட்டி போட்ட நாய்க்கும் கர்ப்பப்பையில் சீழ் கட்டும். அதைத் தடுப்பது கருத்தடை ஆபரேஷன்தான், ஈற்று இல்லை. உடம்புக்கு நல்லது என்பதற்காக இணை சேர்ப்பதாக இருந்தால் இப்போதே விட்டுவிடலாம்.

அந்தச் சான்றிதழ் அப்பன் பாட்டன் யார் என்று சொல்லும், இடுப்பு எப்படி இருக்கிறது என்று சொல்லாது. லாப்ரடாருக்கு இடுப்பு, முழங்கை இரண்டுக்கும் எக்ஸ்ரே வேண்டும், இரண்டு நாய்க்கும். 24 மாதம் முடிந்தபின் எடுத்த படத்துக்குத்தான் நாய்களின் மூட்டுகளைப் பார்த்துச் சான்று தரும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு இடுப்புக்கு இறுதிச் சான்று தருகிறது, ஆகவே பொம்மிக்குச் சரியான வயதுதான். அப்புறம் மரபணுச் சோதனை. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து குருடாகும் நோயும், ஓடினால் பின்னங்கால் தளர்ந்து விழும் நோயும் இந்த இனத்தில் உண்டு. இரண்டும் ஒடுங்கு மரபணுவால் வருபவை. அதாவது பொம்மியும் ஆண் நாயும் வெளியில் நன்றாக இருந்து, இருவருமே உள்ளே அதைச் சுமந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. ஒருத்தர் சுமந்து மற்றவர் முற்றிலும் சுத்தமாக இருந்தால் நோயுள்ள குட்டி பிறக்காது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் வழித்து அனுப்பினால் சோதித்துச் சொல்லிவிடுவார்கள், நாய்க்கு வலியே இல்லை.

பதினொன்று, பதிமூன்று என்பது குருட்டுக் கணக்கு. சில நாய்களுக்குக் கருமுட்டை முன்னதாகவே வந்துவிடும், சிலவற்றுக்கு இருபது நாள் தாண்டியும் வரும். ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைச் சில நாளுக்கு ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும். மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமை ஒட்டி ஏறும்போது முட்டை வெளிவருகிறது. நாய்க்கு ஒரு விசேஷம், வெளிவந்த முட்டை முதிர இன்னும் இரண்டு நாள் ஆகும். சேர்க்க வேண்டியது அதற்குப் பிறகுதான். இந்தத் தேதி கையில் இருந்தால் இன்னொரு லாபம்: முட்டை வந்த நாளிலிருந்து 63 நாளில் குட்டி பிறக்கும், ஒரு நாள் முன்பின். இணை சேர்ந்த தேதியை வைத்து எண்ணினால் 57 முதல் 72 வரை எங்கு வேண்டுமானாலும் போகும், அதை நம்பி லீவு போட முடியாது.

55 நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்து மண்டையோடுகளை எண்ணச் சொல்லுங்கள். எட்டு என்று தெரிந்தால் ஏழோடு நிற்கும்போது காத்திருக்க மாட்டீர்கள். கடைசி வாரம் தினமும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வையுங்கள். சாதாரணமாக 38 டிகிரி செல்சியஸ் சொச்சம் இருப்பது 37 பக்கம் இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி வரும்.

அன்று ராத்திரி டாக்டரை எழுப்ப வேண்டிய நேரம் எது என்பதை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது. அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை. முதல் குட்டி வருமுன்பே கரும்பச்சைத் திரவம் வருகிறது. உள்ளே குட்டி இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் சும்மா கிடக்கிறாள். இதில் எது வந்தாலும் காரில் ஏற்றிவிடுங்கள். சிசேரியன் செய்யும் இடம் ராத்திரி திறந்திருக்குமா, அதற்கான பணம் தனியாக இருக்கிறதா என்பதை இணை சேர்க்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

குட்டி வந்ததும் பனிக்குடப் பையைக் கிழித்து, மூக்கைத் துடைத்து, துண்டால் முதுகை நன்றாகத் தேய்க்க வேண்டும். பெரும்பாலும் தாயே செய்துவிடுவாள். முதல் ஈற்றில் சில பெட்டைகள் திகைத்துப்போய், "இது என்ன?" என்பதுபோல் குட்டியைப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். நாம்தான் அதை அவள் வாய்ப்பக்கம் நகர்த்த வேண்டும்.

ஒவ்வொரு குட்டி கழுத்திலும் தளர்வாக வேறு வேறு நிறக் கம்பளி நூல் கட்டி, சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். பிறந்த எடை பத்து நாள் வாக்கில் இரண்டு மடங்காக வேண்டும். ஏறாமல் நின்ற குட்டிதான் முதல் சிக்னல், அழுகை எல்லாம் பிறகுதான் கேட்கும். சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டாதீர்கள். முதலில் மெல்லச் சூடேற்றுங்கள், குளிர்ந்த குடலில் பால் செரிக்காது. முதல் வாரம் குட்டிகள் படுக்கும் பெட்டிக்குள் 30 டிகிரி ஒட்டி இருக்கட்டும், ஆனால் தாய் விலகிப் படுக்க ஒரு மூலை சூடில்லாமல் இருக்க வேண்டும்.

ஊசி_மருந்து

கால்நடை மருத்துவமனையில் வேலை பார்ப்பவன். மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போனது, புருசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியாவுக்கான பரிசோதனை. இணை சேரும்போது பரவும், சினையின் பிற்பகுதியில் குட்டி கலையும், மனிதருக்கும் தொற்றும். இரண்டு நாய்க்கும் புதிதாக எடுத்த ரிப்போர்ட் இல்லாமல் சேர்க்காதீர்கள். தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் ஹீட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள், வயிற்றில் குட்டி இருக்கும்போது உயிருள்ள வைரஸ் ஊசி கூடாது.

தெருநாய்_தோழி

எல்லோரும் எப்படி என்றே பேசுகிறீர்கள், நான் ஏன் என்று கேட்கிறேன். லாப்ரடார் சாதாரணமாகவே ஏழெட்டு குட்டி போடும். "எனக்கு ஒன்று கொடு" என்று இப்போது சொல்பவர்களில் பாதிப் பேர் குட்டி கையில் வரும் நேரத்தில் காணாமல் போவார்கள். காப்பகத்துக்கு வரும் இன நாய்கள் எல்லாம் ஒரு காலத்தில் யாரோ ஆசையாகப் போட வைத்த குட்டிகள்தான். எட்டுக் குட்டியும் திரும்பி வந்தால் வைத்துக்கொள்வீர்களா என்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

பொம்மி_அப்பா

தோழி, இதை நான் யோசிக்கவே இல்லை. நிச்சயமாக எடுப்பேன் என்று சொல்லக்கூடியவர்கள் இப்போதைக்கு மூன்று பேர்தான்.

ஆண் நாய்க்காரரிடம் எக்ஸ்ரேவும் ரத்தப் பரிசோதனையும் கேட்டேன். "மான் மாதிரி ஓடுறான், அவனுக்கு எதுக்கு டெஸ்ட்?" என்று சிரித்துவிட்டார். பொம்மிக்கு மட்டும் எடுத்துவிட்டு அவரிடமே போகலாமா, குட்டிப்பெட்டி அக்கா?

குட்டிப்பெட்டி

வேண்டாம். பாதிக் கணக்கு கணக்கே இல்லை. இடுப்பு மோசமான லாப்ரடார்கள் இளவயதில் மான் மாதிரி ஓடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதோடு, கேட்டதற்குச் சிரிப்பவர் பிறகு குட்டிக்கு ஏதாவது என்றால் போனையே எடுக்கமாட்டார்.

இந்த ஹீட்டை விட்டுவிடுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று வாரமும் அவளைக் கயிறில்லாமல் வெளியே விடாதீர்கள். ரத்தம் நின்றுவிட்டது என்று அலட்சியமாக இருக்கும் நாட்களில்தான் அவள் ஆண் நாயை ஏற்பாள். அதற்குள் பொம்மியின் எக்ஸ்ரேயை எடுங்கள். அவளுக்கே இடுப்பு சரியில்லை என்று வந்தால் ஆண் நாய் தேடும் வேலையும் மிச்சம், தோழி கேட்ட கேள்வியும் எழாது. சரியாக இருந்தால், ஆறேழு மாதத்தில் அந்த மூன்று பேர் எட்டுப் பேராகிறார்களா என்று பாருங்கள். குட்டியைத் தருவது எட்டு வாரம் முடிந்த பிறகுதான், வளர்க்க முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வீர்கள், இரண்டையும் அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.